கலீம் மாற்றிய வரிகள்

“அம்மா மண்டபம் வந்தாச்சு. சார்ஜரைக் கழட்டிடு ரிஃபானா” என்று சொல்லிவிட்டு, அண்ணன் கலீம் லேப்டாப்பை மூடிக் கட்டிலில் சாய்ந்தான். உடம்பு லேசாகச் சுட்டது. அந்தக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனவன் வீடு திரும்பவில்லை.

புத்தகங்களைச் சத்தமாகப் படித்துக் காட்டும் ஒரு மென்பொருளை அவன் திருத்திக்கொண்டிருந்தான். அதை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தியும் அனுப்பலாம். ஆனால் நீளமான பத்தி வந்தால் அது பாதியில் ஊமையாகிவிடும். ரிஃபானாவின் தோழி ஜெஸிமாவுக்குப் பார்வை இல்லை. அவள் கேட்ட எந்தக் கதையும் முடிந்ததே இல்லை.

‘மாற்றிய வரிகளை மட்டும் அனுப்புங்கள்’ என்று அந்த மென்பொருள்காரர்கள் கலீமுக்கு எழுதியிருந்தார்கள். அதற்கு இரண்டு கோப்புகளை ஒப்பிடும் கருவி வேண்டும். ஜெஸிமாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ரிஃபானா அதை அண்ணனின் லேப்டாப்பில் நிறுவத் தொடங்கினாள். உடனே ஒரு பெட்டி குதித்து வந்தது.

‘கணினியில் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா?’

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

“ஜெஸி, மாத்தலாமான்னு கேக்குதுடி! அண்ணன் எழுதினதை அழிச்சிடுச்சுன்னா? திரும்ப எழுத அவன் இல்லையே.”

“நான் பாக்காமலே கம்ப்யூட்டர் ஓட்டுறேன். நீ பாத்துக்கிட்டே நடுங்குறியே!”

ரிஃபானாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணனின் கோப்புகளை எல்லாம் பென் டிரைவில் நகலெடுத்தாள். அதைப் பிடுங்கி இடது கைக்குள் பொத்திக்கொண்டாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ‘ஆம்’ என்பதை அழுத்தினாள்.

கருவி வந்துவிட்டது. எந்த இரண்டை ஒப்பிடுவது? ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் கலீம் ஒரு பஸ் நிறுத்தத்தின் பெயரை வைத்திருந்தான். கணினியோ அவற்றை அகர வரிசையில் கலைத்துப் போட்டிருந்தது.

“நாம ஸ்கூலுக்குப் போற பஸ்ஸுதாண்டி! சத்திரத்துல ஏறினா…”

“காவேரி பாலம், மாம்பழச்சாலை, அம்மா மண்டபம் எல்லாம் எறங்கு!” என்று கண்டக்டர் குரலில் கத்தினாள் ஜெஸிமா.

இடப்பக்கம் அவன் கை வைக்காத முதல் கோப்பு ‘சத்திரம்’, வலப்பக்கம் கடைசிக் கோப்பு ‘அம்மா மண்டபம்’. மூன்று வரிகள் மட்டும் பச்சையாக ஒளிர்ந்தன. பக்கத்திலேயே சின்ன அம்புக்குறிகள். தெரியாமல் தொட்டால் ஒரு பக்கத்து வரிகள் இன்னொன்றின் மேல் ஏறி அதை அழித்துவிடும். அவற்றைத் தொடாமல் அந்த மூன்று வரிகளைத் தனியாக எடுத்து, கலீமின் பெயரிலேயே அனுப்பினாள்.

அடுத்த வாரம் புதிய பதிப்பு வந்தது. நீளமான பத்தி நிற்காமல் ஓடியது.

“ஜெஸி, கேக்குதா?”

“உஷ்! கதை முடியப்போகுது. பேசாதே.”

ரிஃபானாவின் மனத்தில் இன்னும் ஒரு பயம் மிச்சம் இருந்தது. பென் டிரைவில் இருந்த ‘அம்மா மண்டப’த்தையும் லேப்டாப்பில் இருந்ததையும் அருகருகே வைத்து ஒப்பிட்டாள்.

‘வேறுபாடு எதுவும் இல்லை’ என்றது கருவி.