இடது காதில் மிச்சம்

இரண்டு அட்டைப்பெட்டிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டமாரம் மூன்றாவது மாடிக்கு ஏறி வந்தபோது நல்ல வெயில். பயப்படுவதற்குக் கொஞ்சமும் தோதில்லாத நேரம். கதவைத் தோளால் முட்டித் திறந்தான். போன மழைக்கு உப்பிய கதவு அது. முட்டினால்தான் திறக்கும், உள்ளிருந்து தள்ளினால்தான் சாத்த முடியும். பூட்டிக் கிடந்த வீட்டின் வாசனையோடு ஈரச் சிமெண்டு வாசனையும் வந்து முகத்தில் மோதியது.

டமாரம் என்பது அண்ணன் வைத்த பெயர். டமாரச் செவிடு என்பதன் சுருக்கம். உண்மையில் அவனுக்குப் பாம்புச் செவி. அதை வைத்துத்தான் பிழைப்பு. ஹெட்போன்களை மாட்டிப் பார்த்து, பயணத்துக்கு எது தேவலை, அன்றாடத்துக்கு எது தேவலை என்று ஓர் இணையதளத்தில் எழுதுவான். எந்நேரமும் காதை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று அண்ணன் கேட்டார். ஊரும் அதை நியாயம் என்று ஒப்புக்கொண்டது.

அண்ணன் ஊர் ஊராகப் போய் மருந்து விற்பவர். பயணப் பிரிவில் எந்த ஹெட்போன் ஜெயித்தாலும் அது அவருக்குத்தான் என்பது வீட்டுச் சட்டம். கடைசியாக ஜெயித்ததை மாட்டிக்கொண்டு ரயிலில் ஜன்னலோரம் சாய்ந்தவர், சாய்ந்தபடியே போய்விட்டார். பாட்டுக் கேட்டுக்கொண்டே தூங்குகிறார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள். கடைசி நிலையத்தில் பெட்டியைக் கூட்ட வந்தவர்தான் இடது காதுப் பக்கத்தை லேசாகத் தூக்கி, “சார், வண்டி இதுக்கு மேல போகாது” என்றாராம்.

அந்த ஹெட்போனைப் பற்றி டமாரம் எழுதியிருந்த வரி: ‘மாட்டிக்கொண்டால் உலகம் உங்களைத் தொந்தரவு செய்யாது.’

அவனுக்கு அழுகை வரவில்லை. கல் மனசு என்றார்கள். கல்லாக இருந்தாலாவது கனம் தெரிந்திருக்கும். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதட்டைக் கடித்துப் பார்ப்பதுபோல அவ்வப்போது கடித்துப் பார்த்தான். மரத்துத்தான் இருந்தது. அண்ணி தன் அக்கா வீட்டோடு போய்விட்டாள். அவன் மட்டும் வேலைக்காக இந்த வீட்டுக்குத் திரும்ப வந்திருக்கிறான். காரணம் எளிது. இவ்வளவு இரைச்சலான வீடு வேறெங்கும் கிடைக்காது.

பின்னால் ரயில் பாதை. கீழே தண்ணீர் மோட்டார். பக்கத்து வீட்டில் நாளெல்லாம் மிக்ஸி. ஹெட்போனைச் சோதிக்க இதைவிட நல்ல கூடம் காசு கொடுத்தாலும் கட்ட முடியாது.

ஹாலில், கதவுக்கு முதுகு காட்டியபடி அவனுடைய நாற்காலி. வலப்பக்கம் தோள் உரசும் அளவுக்குச் சுவர். அந்தச் சுவரில் இப்போது ஓர் ஆள் உயரத்துக்கு ஓதம் ஏறியிருந்தது. குழாய் கசிகிறது என்றார் வீட்டுக்காரர். அந்தச் சுவருக்குள் குழாயே இல்லை என்றார் குழாய் ரிப்பேர்காரர். டமாரம் இருவருக்கும் நன்றி சொன்னான்.

*

இணையதள ஆசிரியர் போன் செய்தார்.

“கறுப்பு ஹெட்போனா, வெள்ளையா? ஒண்ணைச் சொல்லு. ரெண்டும் நல்லாத்தான் இருக்குன்னு எழுதினா உன் சம்பளமும் நல்லாத்தான் இருக்கும், ஆனா வராது.”

“இன்னும் மிச்சம் பாக்கல சார்.”

மிச்சம் என்பது அவர்கள் தொழிலில் ஒரு சடங்கு. இந்த வகை ஹெட்போன் வெளியே வரும் சத்தத்தைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான சத்தத்தை உள்ளே போடும். இரண்டும் அடித்துக்கொண்டு செத்து, அமைதி பிறக்கும். உலகத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்தி அமைதி உண்டாவது இங்கே மட்டும்தான். பாட்டு எதுவும் போடாமல் மாட்டிக்கொண்டு, எல்லாம் அடங்கிய பிறகும் எது அடங்காமல் நிற்கிறது என்று பார்ப்பான். அதுதான் மிச்சம்.

வெள்ளையில் மிச்சமே இல்லை. மோட்டார் போயிற்று, மிக்ஸி போயிற்று, ரயில் தடம் தெரியாமல் போயிற்று. மனசுக்குள் எப்படி இருந்ததோ வெளியிலும் அப்படியே ஆயிற்று. அவனுக்கு அது பிடித்திருந்தது.

கறுப்பில் எல்லாம் போன பிறகு இடது பக்கம் மட்டும் ஏதோ நின்றது. அடித் தொண்டையில் யாரோ பேசத் தொடங்கி விட்டுவிட்டதுபோல. டமாரம் கைப்பழக்கமாகக் கம்பெனிக்கு எழுதிப் போட்டான்: ‘இடது பக்கம், ஆண் குரல் அளவிலான மிச்சம் உள்ளது. சரிசெய்யவும்.’

அனுப்பிவிட்டு மறுபடி மாட்டினான்.

“டேய்…”

கழற்றினான். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடியது. மாட்டினான். மிக்ஸி செத்தது.

“டேய் டமா…ரம்…”

அந்தப் பெயரை நடுவில் ஜவ்வுபோல இழுக்கிற ஆள் ஒருவர்தான் இருந்தார்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பயத்தால் அல்ல, பழக்கத்தால். அண்ணன் எப்போதும் பின்னால் வந்து, ஒற்றை விரலால் ஹெட்போனின் இடது கப்பைத் தூக்கி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போவார். வலப்பக்கம் சுவர் என்பதால் எப்போதும் இடதுதான். இவன் திரும்பாமலே “ம்” என்பான். பெரும்பாலும் எதுவும் காதில் விழுந்திருக்காது. கடைசியாகக் கிளம்பிய காலையிலும் அப்படித்தான். விரல் தூக்கியது. ஏதோ சொன்னார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இவன் “ம்” என்றான். கப் மூடியது.

அன்று சாயங்காலம் எழுந்து பார்த்தபோது வாசல் கதவு விரியத் திறந்து கிடந்தது. ஏதாவது திருட்டுப் போயிருக்கிறதா என்று வீடு முழுக்கப் பார்த்தான். ஒரு செருப்புகூடக் குறையவில்லை. ஏதாவது கூடியிருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

*

அண்ணி எப்போது கூப்பிட்டாலும் பேச்சு ஒரே இடத்தில் வந்துதான் நிற்கும்.

“சாப்பிட்டியா தம்பி?”

“ஆச்சு அண்ணி.”

“யோசிச்சுப் பாத்தியா? நான் முந்தின நாளே அக்கா வீட்டுக்கு வந்துட்டேன். கிளம்பும்போது உன்கிட்டதான் பேசிட்டுப் போயிருக்கார்.”

“போயிட்டு வரேன்னாரு அண்ணி.”

“அவரா? கட்டின என்கிட்டயே அப்படிச் சொன்னதில்ல. பொய் சொல்றதுன்னா பொருந்தச் சொல்லு. உன்னைத் திட்டியிருந்தாலும் பரவால்ல. கடைசியா என்ன சொன்னார்னு தெரிஞ்சா போதும் எனக்கு. அதை வச்சிக்கிட்டு இருந்துடுவேன்.”

அதனால்தான் அடுத்தடுத்த நாட்களில் டமாரம் கறுப்பைக் கழற்றவே இல்லை. குரல் வந்தது, தேய்ந்தது, மறுபடி வந்தது. பென்சிலால் தேய்க்கத் தேய்க்க அழுந்திய எழுத்து தெரிவதுபோல ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் தெரிந்தது.

“டேய் டமா…ரம்… நான் கிளம்பறேன்… க…”

‘க’ வரைக்கும் வந்துவிட்டது. கவலைப்படாதே என்றா, கடைக்குப் போ என்றா, கழுதை என்றா. மூன்றுமே அண்ணன் சொல்லக்கூடியவைதான்.

மறுநாள் காலை மாட்டியபோது கறுப்பு பரம சாதுவாக இருந்தது. மோட்டார் இல்லை. மிக்ஸி இல்லை. ரயில் இல்லை.

குரலும் இல்லை.

போனில் கம்பெனியின் செய்தி காத்திருந்தது: ‘தாங்கள் சுட்டிக்காட்டிய இடது பக்க மிச்சம் புதிய மென்பொருளில் முழுமையாக நீக்கப்பட்டது. தங்கள் கூர்மையான செவிகளுக்கு நன்றி.’

பழையபடி மாற்றித் தரும்படி எழுதினான். குறையைத் திருப்பிக் கேட்ட முதல் வாடிக்கையாளர் தாங்கள்தான் என்று பணிவாகப் பதில் வந்தது.

கூடப்பிறந்தவரின் குரலைக் குறை என்று எழுதிப் போட்டு, அதைக் கையோடு சரிசெய்தும் வாங்கிவிட்டான். உதட்டைக் கடித்துப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை.

*

பிறகு சார்ஜ் விஷயம் வந்தது.

அலுவலகத்தில் நாள்கணக்கில் நிற்கும் சார்ஜ், வீட்டில் மதியச் சாப்பாட்டுக்குள் தீர்ந்தது. ஆசிரியரிடம் சொன்னான்.

“உன் வீட்ல அவ்வளவு சத்தமா?” என்றார் ஆசிரியர்.

“எல்லாத்தையும் நிறுத்திட்டும் பாத்தேன் சார்.”

“அப்ப அது எதோடதான் மல்லுக்கட்டுது?”

அவர் வேடிக்கையாகத்தான் கேட்டார். டமாரம் வீட்டுக்கு வந்து போனைத் திறந்தான். ஹெட்போன் எவ்வளவு சத்தத்தை அடக்குகிறது என்று காட்டும் இரண்டு பட்டைகள் அதில் உண்டு, இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. மின்விசிறியை நிறுத்தினான். ஜன்னலைச் சாத்தினான். ரயில் போய் முடியும்வரை காத்திருந்தான்.

இடது பட்டை உச்சியை நெருங்கி நின்றது.

அண்ணன் போகவில்லை. அதே இடத்தில் நின்று சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார். கறுப்பு அவர் சொல்லச் சொல்ல எதிர்ச்சொல் போட்டு வாயை அடைத்துக்கொண்டிருக்கிறது.

வலது பட்டை இடதைவிடக் கொஞ்சம் உயரமாக இருந்தது. அந்தப் பக்கம் சுவர். சுவர் என்ன பேசப்போகிறது. அளவுப் பிழை என்று விட்டுவிட்டான்.

வெறும் காதால் கேட்டுப் பார்த்தான். வீட்டு இரைச்சலில் ஒன்றும் தேறவில்லை. கறுப்பு அடங்கவேண்டும், ஊரும் அடங்கவேண்டும். இரண்டும் சேர்ந்து வாய்த்தது ஒரு மதியம். மின்சாரம் போயிற்று. மோட்டார் நின்றது. மிக்ஸி பாதி அரைப்பில் நின்றது. தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல இருந்தது. டமாரம் கறுப்பை மாட்டி, அதன் பொத்தானை அழுத்தி அணைத்தான்.

இப்போது அது வெறும் பஞ்சும் தோலும்தான்.

ஜன்னல் வழியே வெயில் தரையில் விழுந்திருந்தது. அதில் தூசி மிதந்தது.

தூசி விலகியது. யாரோ நடந்து வர வழி விடுவதுபோல.

இடது கப் தூக்கிக்கொண்டது.

ஒற்றை விரல் அளவு.

“டேய் டமா…ரம். நான் கிளம்பறேன். கதவைச் சாத்திக்கோ.”

அவ்வளவுதான். மரத்த இடத்தில் எங்கோ ஒரு முனை சுருக்கென்றது. அவன் வாய் திறப்பதற்குள் மறுபடி அதே குரல், இந்தத் தடவை இழுக்காமல், ரகசியமாய், அவசரமாய்.

“டேய். கதவைச் சாத்திக்கோ.”

கப் மூடியது.

*

“அண்ணி, ஞாபகம் வந்துடுச்சு.”

“என்னது? சொல்லு தம்பி.”

“கதவைச் சாத்திக்கோன்னாரு.”

அண்ணி சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறி, திரும்பவும் சிரிப்பாயிற்று. “அதான பாத்தேன். பூட்டின பூட்டையே தொங்கிப் பாக்கற மனுஷன். வேற என்னத்தச் சொல்லப்போறார்.” மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “இது போதும் தம்பி. இது அவர்தான்.”

பிறகு சும்மா, பேச்சு வாக்கில் கேட்டாள்.

“சாத்தினியா?”

விரியத் திறந்து கிடந்த கதவு அவன் நினைவுக்கு வந்தது. குறையாத செருப்புகள் வந்தன.

“சாத்தினேன் அண்ணி.”

போனை வைத்துவிட்டு எழுந்து போனான். கதவை இரண்டு கையாலும் தள்ளிச் சாத்தி, மேல் தாழ், கீழ்த் தாழ் இரண்டும் போட்டான். அண்ணன் செய்வதுபோல ஒரு தடவை தொங்கியும் பார்த்தான். இனி யாரும் உள்ளே வர முடியாது.

மின்சாரம் வந்தது. மிக்ஸி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. நாற்காலிக்குத் திரும்பி, தீர்ப்பை எழுதினான். ‘பயணத்துக்கு வெள்ளை. அன்றாடத்துக்குக் கறுப்பு.’ கடைசியாக ஒருமுறை சரிபார்த்துவிடலாம் என்று வெள்ளையை மாட்டினான்.

மோட்டார் போயிற்று. மிக்ஸி போயிற்று. மிச்சம் எதுவும் இல்லை.

ஈரச் சிமெண்டு வாசனை மட்டும் பக்கத்தில் வந்தது.

வலது கப் தூக்கிக்கொண்டது.

சுவர்ப் பக்கம். மிக மெதுவாக, பழக்கமில்லாத கை போல. காதில் ஈரக் காற்று பட்டது. யாரோ ஏதோ கேட்கிறார்கள் என்று தெரிந்தது. வெள்ளை அருமையான ஹெட்போன், தூக்கிய இடைவெளியிலும் ஒரு சொல்லையும் உள்ளே விடவில்லை.

கேட்டது பதிலுக்குக் காத்திருந்தது.

டமாரம் திரும்பாமலே, பழக்கதோஷத்தில், “ம்” என்றான்.