சாம்பலில் கிடந்த தடம்

மத்தியானத்திலிருந்து பிள்ளை பால் குடிக்கவில்லை. ஹசிந்தாவுக்கு மார்பு கட்டிக்கொண்டு வலித்தது. ஆனால் தொட்டிலில் கிடந்த சிரிலோவின் வயிறோ புடைத்திருந்தது, அவன் விட்ட ஏப்பத்தில் பச்சை ரத்தத்தின் கவிச்சி அடித்தது. வெளியே பனி இறங்கிச் சோளக்காட்டை மூடியது. பட்டியில் ஒரு வான்கோழியும் கத்தவில்லை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. இவன் பிறந்த இரவில் ஊர் வழக்கப்படி வீட்டைச் சுற்றி அடுப்புச் சாம்பல் தூவினார்கள். விடியும்போது எந்த மிருகத்தின் தடம் அதில் கிடக்கிறதோ, அதுவும் பிள்ளையும் ஒரே உயிர். ஒன்றுக்குப் பட்டால் மற்றதற்கும் படும். கிடந்தது புலிக்குட்டியின் தடம். புலிப்பிள்ளையை ஊர் வாழவிடாது. பச்சை உடம்போடு தவழ்ந்து போய் அந்தத் தடத்தை அழித்துவிட்டு, "முயல்தான்" என்று புருஷனிடம் சாதித்துவிட்டாள்.

அந்தப் புருஷன், ஃபிதென்சியோ, இப்போது துப்பாக்கியோடு வாசலில் நின்றான்.

"வான்கோழி மொத்தமும் போச்சு. அந்தப் புலிக்குட்டிய இன்னைக்கு விடப்போறதில்ல."

"போனாப் போகுது விடுங்க. வேற வாங்கிக்கலாம்."

"உங்கப்பன் வாங்கித் தருவானா?" சிரித்துக்கொண்டே பனிக்குள் போய்விட்டான்.

சொல்லியிருக்கலாம்.

வெடிச்சத்தம். தொட்டிலில் பிள்ளை வீறிட்டது. தொடையில் ஓட்டை. துணியெல்லாம் ரத்தம். கதவை ஏதோ பிறாண்டியது.

திறந்தாள். அதே காலை இழுத்துக்கொண்டு குட்டி உள்ளே வந்தது. தாழ் போட்டாள்.

சொட்டிக் கிடந்த ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே ஃபிதென்சியோவும் வந்துவிட்டான். "கதவத் திறடி. உள்ள பிள்ள இருக்கு."

"இருக்கான்னுதான் திறக்கல. நீ சுட்டது அவனத்தான்யா. அன்னைக்குச் சாம்பல்ல இருந்தது முயல் இல்ல, புலி. ஊரையே கூட்டிட்டு வா. என் பொணத்தத் தாண்டித்தான் உள்ள வரணும்."

அவன் வெளியிலிருந்து மெதுவாகச் சொன்னான்: "நமக்குப் புலிப்பிள்ள வேணாம்டி."

கோடரி கதவில் இறங்கியது.

பிள்ளையின் உதடு நீலம் பாரித்தது. குட்டிக்கும் மூச்சு அடங்கிக்கொண்டிருந்தது. அது பிழைக்க வேண்டுமென்றால் கறி வேண்டும். வீட்டில் சோளமாவுதான் இருந்தது.

ஹசிந்தா சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுத் தன் கையைக் குட்டியின் வாயருகே நீட்டினாள்.

"தின்னு கண்ணு. அம்மா இருக்கேன்."

பல் இறங்கியது. அவள் கத்தவில்லை. கதவில் ஒரு பலகை பிளந்து விழுந்தது.

தொட்டிலில் சிரிலோ கண் திறந்தான். வெறும் வாயை மென்றான். விழுங்கினான். அவளைப் பார்த்துச் சிரித்தான்.