இரண்டு விரல் பிடி

பழைய காண்டெசா காரின் ஸ்டீயரிங் தானாகத் திரும்பியது. சிவசைலம் அதைத் தாமே திருப்புவதுபோல் இறுக்கிப் பிடித்திருந்தார். கையில் தோலுறை, தலையில் தட்டைத் தொப்பி, முகத்தில் பாதியை மறைக்கும் காற்றுக் கண்ணாடி. காண்டெசாவுக்குக் கூரை உண்டு, முன்கண்ணாடியும் உண்டு. கண்ணில் காற்றடிக்க வழியே இல்லை. ஆனால் தென்கடல் தொல்லூர்திப் பேரவையின் தலைவர் அதெல்லாம் இல்லாமல் கடற்கரைச் சாலைக்கு வந்தால் மரபு என்னாவது?

மனிதர் கையால் வண்டி ஓட்டுவதைச் சட்டம் நிறுத்திப் பல வருடங்களாகின்றன. பழைய வண்டிகள் நசுக்கப்படாமல் தப்பியது கைத்தடத்தால். டாஷ்போர்டுக்கு அடியில் பொருத்தும் சிறு பெட்டி அது. ஸ்டீயரிங்கின் தேய்மானம், கியர்க் குமிழின் வழவழப்பு, மிதிகளின் சாய்வு எல்லாவற்றையும் படித்து, அந்த வண்டியில் யாருடைய கை ஆழமாகப் பதிந்திருக்கிறதோ அந்தக் கையைப் போலவே வண்டியைச் செலுத்தும். ஒரு வண்டிக்கு ஒரு கைதான். இரண்டு கைகளைக் கலக்க அதற்குத் தெரியாது.

காண்டெசாவில் இருப்பது ஒரு மந்திரியின் கை என்று சிவசைலம் மேடைக்கு மேடை சொல்லிவந்தார். தொடக்க காலத்தில் அந்த வண்டி ஒவ்வொரு டீக்கடை முன்பும் தானாக நின்றது. டிரைவர் பீடி குடித்த இடங்கள் என்று சிலர் முணுமுணுத்தார்கள். மந்திரி மக்களைச் சந்தித்த இடங்கள் என்று தலைவர் விளக்கினார். கொஞ்ச வருடங்களாக அந்தப் பழக்கமும் நின்றுவிட்டது. கை பண்பட்டுவிட்டதாகப் பேரவை பாராட்டுத் தீர்மானம் போட்டது.

தூத்துக்குடியிலிருந்து மணப்பாட்டுக்குப் போன ஏழு வண்டிகளில் கடைசியாக வந்தது செலஸ்டினாவின் மாருதி. கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. அவள் ஓட்டுபவர் இடமான வலப்பக்கம் உட்காரமாட்டாள். புருசன் இருந்த காலம் முழுக்க உட்கார்ந்த இடதுபக்கத்திலேயே உட்கார்ந்து, ஆளில்லாத இருக்கையோடு பேசிக்கொண்டு வருவாள். படத்தில் அது அசிங்கமாக விழுகிறது என்பது செயலாளர் நவநீதனின் புகார்.

மாருதியில் பெட்டியைப் பொருத்திய பெண் அன்றைக்கே சொல்லியிருந்தாள்: "உங்க வீட்டுக்காரர் ரெண்டு விரல்ல ஓட்டியிருக்கார்ம்மா. தடம் ரொம்ப மெல்லிசு. பெட்டி ஓடும்போதும் படிச்சிக்கிட்டேதான் இருக்கும். யாராவது இறுக்கிப் பிடிச்சா அவங்க தடம் இது மேல ஏறிரும். அப்புறம் இவர் கிடைக்கமாட்டார்."

அன்றிலிருந்து செலஸ்டினா அந்த ஸ்டீயரிங்கைத் தூசி தட்டக்கூடத் தொட்டதில்லை. வாயால் ஊதுவாள்.

வழியில் குலசை ஊரின் வளைவு வந்தது. மாருதி மெல்ல வேகம் தணிந்தது. கல்யாணமான புதிதில் இந்த வளைவில்தான் அவள் "மெதுவாப் போங்க, எமன் கூப்பிடுதானா?" என்று கத்தியிருந்தாள். அவர் பதில் பேசவில்லை. அவள் கூட வராத நாட்களிலும் முப்பது வருடம் இந்த இடத்தில் பிரேக்கை மிதித்திருக்கிறார் என்பது அவர் செத்த பிறகு, இந்தப் பெட்டி ஓட்டிக் காட்டித்தான் அவளுக்குத் தெரியும்.

"சரி சரி, போங்க," என்றாள் காலி இருக்கையைப் பார்த்து. வண்டி வேகமெடுத்தது.

வளைவு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு வாகைமரம் சாலைக்கு மேல் கிளை நீட்டி நின்றதுண்டு. மரத்தை வெட்டி வெகுகாலம். மாருதி மட்டும் இன்னும் அந்தக் கிளைக்குப் பயந்து கடல்பக்கமாக ஒரு வெட்டு வெட்டி ஒதுங்கிப் போகும். இன்றும் போனது. அவள் சிரித்துக்கொண்டாள்.

கண்கொள்ளாக் காட்சி என்று பேரவை அழைப்பிதழில் அச்சிட்டிருந்த கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. பட்டுப்போன பனைகள் தண்ணீருக்குள் இடுப்பளவு நின்றன. மத்தியானம் தாண்டினால் கடல் சாலைக்கு ஏறும் என்பது ஊரறிந்தது. அதற்குள் படமெடுத்துத் திரும்புவதாகத் திட்டம்.

மணப்பாட்டில் கோயில் மேட்டுக்குக் கீழே ஏழு வண்டிகளும் படத்துக்காகக் கடல்பக்கம் மூக்கைத் திருப்பி வரிசையாகச் சாய்ந்து நின்றன. செலஸ்டினா தவிர மற்ற உறுப்பினர்கள் ஸ்டீயரிங்கை இறுகப் பற்றி, முன்விளக்கைச் சிமிட்டி, தாடையை உயர்த்தி, தூரத்தைப் பார்த்தார்கள். படமெடுக்கும் பறவைப்பொறி சுற்றிச் சுற்றி வந்தது. அழுத்திப் பிடித்தால்தான் படத்தில் ஓட்டுவதுபோல் தெரியும் என்பது பேரவையின் நெடுநாள் அறிவு. பயணத்துக்குப் பயணம் அப்படித்தான் பிடித்துவந்தார்கள்.

திரும்பும்போதுதான் கோளாறு தெரிந்தது. காண்டெசா ஒரு முழம் நகர்ந்தது. நின்றது. கடலைப் பார்த்து அழகாகச் சாய்ந்தது. முன்விளக்கை இரண்டு முறை சிமிட்டியது.

பின்னாலிருந்த ஐந்து வண்டிகளும் அப்படியே செய்தன.

"என்ன நவநீதா இது?"

"போஸ் குடுக்குது அண்ணாச்சி."

"யாரு கை இது?"

நவநீதன் பெட்டியின் சிறு திரையைப் பார்த்தார். "உங்க கைதான் அண்ணாச்சி. மந்திரியக் காணோம்."

சாலையின் தாழ்ந்த பக்கத்தில் முதல் அலை நாக்கு நீட்டியது. தானாக ஓடும் வாடகை வண்டிகளை அழைத்துப் பார்த்தார்கள். நனைந்த சாலைக்கு வர அவற்றுக்கு அனுமதி இல்லையாம். மணப்பாட்டைச் சுற்றித் தண்ணீர் சூழ்ந்தால் அடுத்த நாள்வரை யாரும் வெளியேற முடியாது.

செலஸ்டினா வந்து கேட்டாள்: "பெட்டிய அணைச்சிட்டு நீங்களே ஓட்டுங்களேன் அண்ணாச்சி. இந்த நேரத்துல எந்தச் சட்டம் வந்து கேக்கப்போவுது?"

'கையால் வாழ்வோம்' என்று சட்டையில் பொறித்திருந்த அத்தனை பேரும் கடலைப் பார்த்தார்கள்.

"கிளட்ச்சுன்னா... இடது காலா?" என்று ஒருவர் தணிந்த குரலில் விசாரித்தார்.

முக்கால்வாசிப் பேர் கோயில் மேட்டில் ஏறிக்கொண்டார்கள். குலசை போய் உதவி கூட்டிவர மாருதி ஒன்றுதான் கதி. செலஸ்டினா வண்டிக்குத் திரும்பியபோது பின்சீட்டில் நவநீதனும் இரண்டு பருத்த உறுப்பினர்களும் அடைந்திருந்தார்கள். வலப்பக்கத்து முன்சீட்டில், கையுறையும் தொப்பியுமாக, சிவசைலம்.

"இறங்குங்க அண்ணாச்சி. அந்த எடத்துல யாரும் உக்காரக்கூடாது."

"தண்ணி வருது தாயி. இப்பவா இடம் பாக்கது?"

"அப்ப இந்தப் பக்கம் வாங்க. நான் அங்க உக்காருதேன்."

"ஊருக்குள்ள உதவி கேட்டுப் போறோம். தலைவர் இடதுபக்கம் உக்காந்து போனா நாலு பேரு என்ன நினைப்பான்?"

"யக்கா, ஏறுங்கக்கா," என்று பின்னாலிருந்து நவநீதன் கெஞ்சினார். "மேட்டுல நம்மகூட வந்த பிள்ளைகளும் இருக்கு."

தண்ணீர் டயரைத் தொட்டுவிட்டுப் போனது. செலஸ்டினா மேட்டைப் பார்த்தாள், இருக்கையைப் பார்த்தாள், ஏறினாள்.

"கைய மட்டும் வைக்காதிய அண்ணாச்சி. உங்களக் கும்பிட்டுக் கேக்கேன். மடியில வச்சிக்கிடுங்க."

"நான் என்ன சின்னப்பிள்ளையா?" கைகளை மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்துக்கு வைத்தபடியே இருந்தார்.

மாருதி தண்ணீரைக் கீறிக்கொண்டு நிதானமாகப் போனது. இரண்டு விரல் ஓட்டம். செலஸ்டினாவுக்கு மூச்சு வந்தது. பரவாயில்லை, குலசை சேர்ந்துவிட்டால் போதும்.

அவள் மறந்தது வாகைமரத்தை.

இல்லாத கிளைக்கு ஒதுங்கி, வண்டி வலப்பக்கமாக ஒரு வெட்டு வெட்டியது. சிவசைலத்தின் ஜன்னலோரம் கடல் எழுந்து வந்தது.

"அய்யோ! கடலுக்குள்ள போவுது!"

இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்தார். கால்கள் அகப்பட்ட மிதிகளையெல்லாம் உதைத்தன. வாழ்நாளில் முதன்முறையாக அவர் ஒரு வண்டியை உண்மையாகவே பிடித்தார்.

"விடுங்க! விடுங்கன்னு சொல்லுதேன்லா!" செலஸ்டினா அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிய்த்தாள். கையுறை ஒன்று கழன்று வந்தது. அதற்குள் வண்டி, வழக்கம்போல, தானே நேராகி ஓடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் ஆகல, ஒண்ணும் ஆகல," என்றார் நவநீதன். "தலைவர் காப்பாத்திட்டாரு."

செலஸ்டினா கழன்ற கையுறையைத் தலைவரின் மடியில் போட்டாள்.

குலசை வளைவு தெரிந்தது. செலஸ்டினா வழக்கம்போல் டாஷ்போர்டில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு காத்திருந்தாள். வேகம் குறையவில்லை. வளைவு நெருங்கியது. குறையவில்லை.

"மெதுவாப் போங்க," என்றாள். பிறகு அன்றைக்குப்போல் கத்தினாள். "மெதுவாப் போங்கன்னேன்!"

மாருதி வளைவைக் கடந்து விரைந்தது. அதன்பின், கடல் நன்றாகத் தெரியும் ஒரு தாழ்வான இடமாகப் பார்த்து நின்றது. தண்ணீரை நோக்கி அழகாகச் சாய்ந்தது. முன்விளக்கை இரண்டு முறை சிமிட்டியது.

கதவிடுக்கு வழியாக ஈரம் உள்ளே வந்தது. சிவசைலம் இரண்டு கைகளையும் மடியில் வைத்திருந்தார், ஒன்றில் உறையில்லை. "நான் லேசாத்தான் தொட்டேன் தாயி," என்றார்.

செலஸ்டினா அவரைப் பார்க்கவில்லை. வலப்பக்கம் திரும்பவே இல்லை.

"சீக்கிரம் படத்த எடுங்க அண்ணாச்சி," என்றாள். "அதுக்குத்தான காத்துக்கிட்டு நிக்கு."

ஏறிவரும் கடலைப் பார்த்து வண்டி மறுபடியும் விளக்கைச் சிமிட்டியது.