நிறுத்தக்கூடாத பெட்டி

கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு, கருவாட்டு வாடை அடிக்கும் சந்துக்குள் ஓடினான் இளவரசு. ஞானசேகரன் சாரின் வீடு சந்தின் கடைசியில் இருந்தது. பழைய ஓட்டு வீடு. கதவுக்கு மேலே இருந்த சிலுவையின் பெயிண்ட் உப்புக்காற்றில் பொரிந்து உதிர்ந்திருந்தது. உள்ளே ஒரு குட்டி ரயில் ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் வாசல்வரை கேட்டது.

அவன் வந்தது ஒரே ஒரு ரயில் பெட்டியை வாங்கிக்கொண்டு போக. ஒரு சாண் நீளம் இருக்கும். பொம்மை என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது, இந்தக் கூட்டத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மாடல் என்று சொல்ல வேண்டும். பாண்டிச்சேரியிலிருந்து சிதம்பரம் வரை இந்தக் கிறுக்குப் பிடித்தவர்கள் ஆறு பேர் இருந்தார்கள். இன்டர்நெட்டில் பழக்கமானவர்கள். ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு பெரிய பலகை, அதன்மேல் தண்டவாளம், மலை, பாலம், மரம். லேஅவுட் என்பார்கள். அவர்களுடைய மனைவிமார் அதற்கு வைத்திருந்த பெயர்களை இங்கே எழுத முடியாது.

அந்தப் பெட்டி ஞானசேகரன் சார் தன் கையால் செய்தது. பழைய மீட்டர்கேஜ் பெட்டி. செங்காவி நிறம், ஜன்னலுக்குக் குறுக்குக் கம்பிகூட உண்டு. மாதம் ஒருவர் வீட்டில் அது தங்கும். அந்த வீட்டு இன்ஜினுக்குப் பின்னால் ஓடும். போட்டோ எடுத்து எல்லோருக்கும் காட்டிவிட்டு அடுத்தவர் கையில் நேரில் ஒப்படைக்க வேண்டும், கூரியரில் அனுப்பக் கூடாது. இந்த மாதம் இளவரசுவின் முறை.

ஹாலில் ரயில் சுற்றிக்கொண்டிருந்தது. சார் அதை நிறுத்தவில்லை. ஓட ஓடவே குனிந்து, கடைசிப் பெட்டியை மட்டும் லாவகமாகத் தூக்கி எடுத்து மஞ்சள் துணியில் சுற்றினார்.

"எவ்ளோ நேரம் வேணா ஓட்டுப்பா. ஸ்டேஷன்ல மட்டும் நிறுத்தாத."

"ஏன் சார்?"

"நிறுத்தாத. அவ்ளோதான்."

வயதானவர்களுக்கு இப்படி ஏதாவது ஒரு கணக்கு இருக்கும் என்று இளவரசு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

"உன் லேஅவுட்டு எந்த ஊரு மாதிரி? பாண்டி டாக்டரு சுவிட்சர்லாந்து வச்சிருக்காரு. மேல்பட்டாம்பாக்கம் திருநாவுக்கரசு ஒரே காடு, ஸ்டேஷனே கெடையாது."

"வேல முடியட்டும் சார். போட்டோ போடறேன், அப்ப பாருங்க."

இரண்டு வருஷமாக அவன் பொத்திப் பொத்தி வைத்திருந்த ரகசியம் அது. போட்டோவைப் பார்த்ததும் அத்தனை பேரும் வாயைப் பிளக்க வேண்டும் என்று ஆசை. அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லியிருந்தால் சார் பெட்டியை அவன் கையில் கொடுத்திருக்கவே மாட்டார்.

அவன் கட்டியிருந்தது கற்பனை ஊர் இல்லை. சிதம்பரமேதான். அகலப் பாதை வருவதற்கு முன்னால் இருந்த ஸ்டேஷன், பிளாட்பார வேப்பமரம், டீக்கடை, ஸ்டேஷனுக்குப் பின்னால் போகும் தெரு, அந்தத் தெருவில் அவன் இப்போது குடியிருக்கும் நீலச் சுவர் வீடு. குண்டூசியை வளைத்து அந்த வீட்டுக்கு கேட் செய்து ஒட்டியிருந்தான். ஜன்னலுக்குள் கடுகளவு பல்பு ஒன்று வைத்து, அதற்கென்று தனியாக ஒரு சின்ன பேட்டரியும் கொடுத்திருந்தான். தெருவில் வேறு எந்த வீட்டுக்கும் விளக்கு கிடையாது. தன் வீடு என்றால் யாருக்குத்தான் கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்காது?

அது 2012 ஐப்பசி. கரண்டு வந்தால்தான் ஆச்சரியம் என்றிருந்த காலம். இளவரசுவுக்கு இன்வெர்ட்டர் மாட்டிக் கொடுக்கும் வேலை. ஊருக்கெல்லாம் மாட்டிவிட்டு, தன் வீட்டுக்கு மட்டும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தான். மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கும் மனைவி ஸ்ரீமதி மெழுகுவத்தி கொளுத்தும் போதெல்லாம் அவனை ஒரு பார்வை பார்ப்பாள்.

மறுநாள் சாயங்காலம் கரண்டு இருக்கும் நேரம் பார்த்து, மாடி அறையில் பெட்டியைத் தண்டவாளத்தில் வைத்தான். முதல் வகுப்பு படிக்கும் மகள் சிந்துஜா பலகை விளிம்பில் முகவாயை வைத்துக்கொண்டு நின்றாள். வெளியே மழை இன்னும் விட்டபாடில்லை.

ரயில் இரண்டு சுற்று அழகாக ஓடியது.

"ஏம்ப்பா ஸ்டேஷன்ல நிக்க மாட்டேங்குது?"

"இது எக்ஸ்பிரஸ்டா கண்ணு, நிக்காது."

மூன்றாவது சுற்றில் வண்டி பிளாட்பாரத்துக்குள் நுழையும்போது கரண்டு போனது.

நேரம் காலம் இல்லாமல் போனது. அறை கும்மிருட்டானது. சக்கரங்கள் கொஞ்ச தூரம் உருண்டு, தயங்கி, நின்றன.

பிளாட்பாரத்தில் நின்றன.

குட்டி வீட்டின் ஜன்னலில் மட்டும் அந்தக் கடுகு வெளிச்சம் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.

"கிளிக்" என்று ஒரு சின்னச் சத்தம். கதவு திறக்கிற சத்தம்.

"அப்பா," சிந்துஜா கிசுகிசுத்தாள். "ஒரு ஆன்ட்டி எறங்குறாங்க."

இளவரசு செல்போன் டார்ச்சைப் போட்டான். பெட்டியின் கதவு திறந்திருந்தது. திறக்கவே முடியாதபடி ஒட்டிய கதவு அது. பிளாட்பாரத்தில் அவன் நிறுத்தி வைத்திருந்த குட்டி மனிதர்கள் இரண்டு பக்கமும் சாய்ந்து கிடந்தார்கள், கூட்டத்தை விலக்கிக்கொண்டு யாரோ அவசரமாக நடந்து போனது போல. டார்ச்சைத் தெருப்பக்கம் திருப்பினான். டீக்கடை வாசலில் நின்றவன் சாய்ந்திருந்தான். சைக்கிள்காரன் சாய்ந்திருந்தான். நீலச் சுவர் வீட்டின் குண்டூசி கேட் திறந்து கிடந்தது.

கீழே, அவனுடைய நிஜ வீட்டில், இரும்பு கேட் கிறீச்சிட்டது.

"யாரது?" என்ற ஸ்ரீமதியின் குரல் கேட்டது. சற்று நேரத்தில் மெழுகுவத்தியோடு மாடி ஏறி வந்தாள். "கேட்டு தெறந்த சத்தம் கேட்டுச்சிங்க, போய்ப் பாத்தா ஒருத்தரையும் காணோம். வீடெல்லாம் என்னமோ கரிப்புகை நாத்தம் வேற."

இளவரசுவுக்கும் அந்த வாடை வந்தது. பழைய ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த நிலக்கரிப் புகை. அது ஸ்ரீமதிக்குப் பின்னாலேயே படியேறி வந்தது.

சிந்துஜா நின்ற இடத்திலேயே மடங்கி உட்கார்ந்தாள். தொட்டால் நெருப்பு.

அங்கேயே கட்டிலில் கிடத்தினார்கள். அரை நாழிகை முன்பு சிரித்துக்கொண்டிருந்த குழந்தை இப்போது கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"அம்மா, செருப்பு போட்டுவுடு. ஊருக்குப் போவணும்."

"எந்த ஊருக்குடி?"

"ஆன்ட்டி கூப்புடறாங்க."

ஸ்ரீமதி நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். இளவரசு ஆட்டோக்காரர் பொன்னுரங்கத்துக்குப் போன் போட்டு வரச் சொன்னான். அடுத்த நிமிஷமே வெளியே போய் நின்று ஞானசேகரன் சாரைக் கூப்பிட்டான்.

"சார், கரண்டு போயி பெட்டி நின்னுடுச்சி."

"எங்க நின்னுச்சி?"

"ஸ்டேஷன்ல."

"எந்த ஊரு ஸ்டேஷன்?"

"சிதம்பரம் சார். எங்க தெருவோட சேத்து அப்படியே செஞ்சிருக்கேன்."



"பிரிசில்லா எறங்கிட்டா," என்றார்.

"யாரு சார்?"

"என் சம்சாரம். அப்ப எனக்கு சிதம்பரத்துல வேல. ஸ்டேஷன் பின்னாடி தெருவுலதான் குடியிருந்தோம். அம்மா வூட்டுக்கு வந்துட்டு கடலூர்ல வண்டி ஏறுனா. பொண்ணு ஸ்கூல் வுட்டு வர்றதுக்குள்ள போயிடணும்னு அவசரம். வழியிலியே, ஒக்காந்த மேனிக்கு உசுரு போயிடுச்சி. தூங்கறான்னு எல்லாரும் வுட்டுட்டாங்க. மாயவரத்துலதான் எழுப்பிப் பாத்திருக்காங்க. அவ சிதம்பரத்துல எறங்கவேயில்லப்பா. அவ ஞாபகமாத்தான் அந்தப் பெட்டியச் செஞ்சேன். அன்னியிலேர்ந்து அதுலதான் இருக்கா. ஒடைக்க மனசு வரல, வூட்டுலயே வச்சிக்கவும் பயம். ஊரு ஊரா ஓடிக்கிட்டே இருந்தா வூட்ட மறந்துடுவான்னு நெனச்சேன்."

"எம்பொண்ணு அனலா கொதிக்கிறா சார். எங்கியோ கூப்புடறாங்கங்கறா."

"வண்டிய எடு. கரண்டு வர்ற வரைக்கும் காத்திருக்காத, எப்படியாவது எடு. சத்தம் கேட்டா ஓடிவந்து ஏறிடுவா. வண்டி போயிடுமோன்னு எப்பவும் பதறுவா."

மாடி அறை மூலையில் யாரோ ஒரு வாடிக்கையாளரின் இன்வெர்ட்டர் பேட்டரி கிடந்தது. இளவரசு அதைத் தரையோடு இழுத்து வந்து, தண்டவாளத்துக்குப் போகும் இரண்டு வயரையும் பிடுங்கி அதன் தலையில் வைக்கப் போனான்.

ஸ்ரீமதிக்குப் பொறுக்கவில்லை. "புள்ள கண்ணு தெறக்காமக் கெடக்குது, உங்களுக்கு இப்ப ரயிலா? மனுஷன்தானா நீங்க?"

"ஒரு நிமிஷம் ஸ்ரீ. அவளுக்காகத்தான்."

வயரை வைத்தான். ரயில் துள்ளிக்கொண்டு கிளம்பியது. கட்டுப்படுத்த எதுவும் இல்லாததால் முழு வேகம். கரிப்புகை வாடை சரசரவென்று அறையைக் கடந்து பலகைப் பக்கம் போனது. பெட்டியின் கதவு சாத்திக்கொண்டது. அவன் கண்ணால் பார்த்தான்.

போய்விட்டாள். இளவரசுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"என்னங்க," என்றாள் ஸ்ரீமதி. "இவ என்னங்க இப்படி ஆடுறா?"

மெழுகுவத்தியைத் தூக்கிப் பிடித்தான். மல்லாந்து கிடந்த குழந்தையின் உடம்பு லேசாகக் குலுங்கிக்கொண்டிருந்தது. வலிப்பு இல்லை. சீராக, தாளமாக, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

ரயில் வளைவில் திரும்பியது. சிந்துஜாவின் தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

வளைவு முடிந்தது. தலை நிமிர்ந்தது.

"அப்பா," என்றாள் கண்ணைத் திறக்காமல். குரல் தூரத்திலிருந்து வந்தது. "எனக்கு ஜன்னலோரம் குடுத்துட்டாங்க."

பிரிசில்லா தனியாக ஏறவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த தன் பிள்ளை என்று நினைத்து சிந்துஜாவைக் கையோடு கூட்டிக்கொண்டு ஏறியிருக்கிறாள்.

"சூடு எறங்கிடுச்சிங்க," என்றாள் ஸ்ரீமதி. உடனே அவள் குரல் மாறியது. "ஐயோ, ஜாஸ்தியா எறங்குதுங்க. கையி ஐஸ் மாதிரி ஆவுது. மூச்சு... ஏங்க, மூச்சு வர்றது தெரியலீங்க!"

ரயில் அடுத்த சுற்றில் இருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் குழந்தை தூரம் போய்க்கொண்டிருந்தாள்.

நிறுத்தினால் சிந்துஜா இறங்கலாம். நிறுத்தினால் பிரிசில்லாவும் இறங்குவாள். இறங்கினால் இனி இந்த வீட்டை விட்டுப் போக மாட்டாள். ஓடட்டும் என்று விட்டால் அவள் ஒழிந்தாள், ஆனால் மகளும் கூடவே போய்விடுவாள். யோசிக்க இதில் என்ன இருக்கிறது?

ரயில் ஸ்டேஷனை நெருங்கும்போது வயரை எடுத்தான். வேகம் தாங்காமல் வண்டி பிளாட்பாரத்தைத் தாண்டி ஓடி, வெட்டவெளியில் போய் நின்றது. கட்டிலில் குழந்தை பதறிப்போய், "இங்க இல்லப்பா, இங்க எதுவும் இல்ல, ஒரே இருட்டு," என்றாள்.

மறுபடி வயரை வைத்தான். இன்னொரு சுற்று. ஸ்ரீமதி குழந்தையின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள். அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. இன்ஜின் வேப்பமரத்தைத் தொடுவதற்கு வெகு முன்பாகவே கையை எடுத்தான்.

ரயில் உருண்டது. தளர்ந்தது. பெட்டி பிளாட்பாரத்தின் நடுவில் வந்து நின்றது.

கதவு திறந்தது.

முதலில் ஒரு சின்னக் காலடி. அதன் பின்னால் பெரிய காலடி ஒன்று.

"தண்ணி வேணும்மா," என்று சிந்துஜா எழுந்து உட்கார்ந்தாள். ஸ்ரீமதி அவளை அள்ளி மார்போடு சேர்த்துக்கொண்டு ஓவென்று அழுதாள். வாசலில் பொன்னுரங்கத்தின் ஆட்டோ ஹார்ன் அடித்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, வைரஸ் காய்ச்சல், இப்போது ஊரெல்லாம் இதுதான் என்று அனுப்பிவிட்டார். அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஞானசேகரன் சார் கூப்பிட்டார்.

"ஏறிட்டாளாப்பா?"

"ஏறுனாங்க சார். நாந்தான் எறக்கி வுட்டேன்."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காமலே புரிந்திருக்க வேண்டும். கடைசியில், "அவ நல்லவதாம்ப்பா," என்று மட்டும் சொல்லி அழுதார்.

பெட்டியை அடுத்த ஆளிடம் கொடுத்துவிட்டான். அது இப்போது எந்த ஸ்டேஷனில் நின்றாலும் ஒன்றும் ஆவதில்லை என்று கேள்வி. ஸ்ரீமதியிடம் அவன் எதையும் சொல்லவில்லை. குட்டி வீட்டைப் பிடுங்கி எறிந்துவிடலாமா என்று பலமுறை பலகைப் பக்கம் போனான். பிடுங்கினால் என்ன நடக்கும் என்று தெரியாததால் திரும்பி வந்தான்.

மழை லீவு முடிந்து ஸ்கூல் திறந்த அன்று ஸ்ரீமதிக்குக் காலை ஷிஃப்ட். மகளுக்குத் தலை பின்ன நேரமில்லாமல் அவள் கிளம்பிப் போன பிறகு இளவரசு டிபன் பாக்ஸில் இட்லியை அடுக்கிவிட்டு, சீப்பை எடுத்துக்கொண்டு மகளைத் தேடினான். பெண்பிள்ளைக்குத் தலை பின்ன அவனுக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. எப்படியாவது ஒரு குதிரைவாலாவது போட்டு அனுப்பலாம் என்று நினைத்திருந்தான்.

சிந்துஜா யூனிஃபார்மோடு வாசல்படியில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் ரெட்டைச் சடை, வகிடு நூல் பிடித்த மாதிரி நேராக, மடித்துக் கட்டிய ரிப்பன் வரைக்கும் கச்சிதமாக.

"ரொம்ப இறுக்கிப் பின்றாங்கப்பா," என்று முகத்தைச் சுளித்தாள். "மெதுவா பின்னச் சொல்லு."

இளவரசு யாருமில்லாத ஹாலைத் திரும்பிப் பார்த்தான். "கொழந்தைக்கு வலிக்குதாங்க," என்று தாழ்ந்த குரலில் சொன்னான். "கொஞ்சம் மெதுவா பின்னுங்க."

மறுநாள் காலையில் சடை தளர்வாக இருந்தது.