ஐந்து நிமிஷத்துக்கு ஒருவன்

காலை 10.10. தையற்காரி அந்தப் பில்லை மூன்றாம் தடவையாகப் படித்தாள். அவளுடைய வலைத்தளத்துக்கு இடம் வாடகைக்கு விட்ட கம்பெனி அனுப்பியது. போன மாதம் நூறு ஜி.பி. வரைதான் போகலாம் என்ற தளத்திலிருந்து முந்நூற்று இருபது போயிருக்கிறதாம். அதிகப்படிக்குப் போட்ட கட்டணம் நாலு வருஷ வாடகை. மாலை ஐந்துக்குள் கட்டாவிட்டால் தளம் அழிக்கப்படும்.

தளத்தில் அவள் எட்டு வருஷமாக வரைந்த நானூறு அளவுப்படங்கள் இருந்தன. சட்டை, பாவாடை, குழந்தைக் கவுன். ஜனங்கள் காசு கொடுத்து இறக்கித் தைத்துக்கொள்வார்கள். வேறு நகல் கிடையாது. பழைய கம்ப்யூட்டர் போன மாதம்தான் செத்தது. தளத்துக்குள் அவள் நுழையும் வழியையும் கம்பெனி நேற்றே பூட்டிவிட்டது. பணம் பிடுங்குகிறவனுக்கு முதலில் கதவைச் சாத்தத் தெரியும்.

11.00. அவளுடைய அக்கா புருஷன் வந்தார். குடிநீர் அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் வீடு வீடாக மீட்டர் படித்தவர். சொந்தபந்தத்தில் அவர் பெயரே மீட்டர் மாமா. எந்தப் பில்லையும் நம்பமாட்டார். எழுதியவர் அல்லவா?

"இந்த ஜி.பி. என்னம்மா, தண்ணி மாதிரியா?"

"அப்படித்தான் மாமா. ஒருத்தர் பக்கத்தைத் திறந்தா அதுல இருக்கறதெல்லாம் அவங்களுக்குப் போகும். போனதை அளப்பாங்க."

"அதுல பெருசா என்ன இருக்கு?"

"முன் பக்கத்துல ஒரு வீடியோ. சட்டைக்குக் கை வெச்சுத் தைக்கறது. ஐம்பது எம்.பி."

"எத்தனை பேர் வருவாங்க?"

"மாசம் இருநூறு பேர் வந்தா பெருசு."

பில்லோடு வந்த மணிவாரிக் கணக்கை மாமா மேஜையில் விரித்தார். எட்டாம் தேதி வரை எண்கள் ஏறின, இறங்கின. விடியற்காலையில் பூஜ்யம். ஒன்பதாம் தேதி பதினொன்றரையிலிருந்து மணிக்கு அறுநூறு எம்.பி. குறையவே இல்லை. அதிகாலை நாலு மணிக்கும் அறுநூறு. பதினேழாம் தேதி மட்டும் இரண்டு மணி நேரம் ஒன்றுமில்லை.

"பதினேழு அன்னிக்கு என்ன பண்ணினே?"

"பழைய வீடியோவை எடுத்துட்டு அதே அளவுல வேற போட்டேன். ரெண்டு மணி நேரம் வீடியோவே இல்ல."

"ஒன்பதாம் தேதி?"

அவள் போனில் தேடினாள். அன்று கம்பெனியிலிருந்து இரண்டு கடிதங்கள். காலை 10.05க்கு ஒன்று: இந்த மாதம் உங்கள் தளம் வரம்பைத் தாண்டும், பெரிய திட்டத்துக்கு மாறுங்கள். 11.30க்கு மற்றொன்று: உங்கள் தளம் நன்றாக நடக்கிறதா என்று கவனிக்க இலவசக் காவல் தொடங்கியாயிற்று.

"நீ கேட்டியா காவலை?"

"இல்ல. இலவசம்னாங்களேன்னு விட்டுட்டேன்."

மாமா எதையோ கடித்துவிட்டவர்போல முகம் சுளித்தார். "கிளம்பு."

மதியம் 2.40. கம்பெனி அலுவலகம். ஈரச் செருப்பு வாடை வீசும் கம்பளம். மேஜை மேல் காப்பிக் கறை வளையங்கள். வாடிக்கையாளர் அதிகாரி வாயால் சிரித்தான். கண் பில்லில் இருந்தது. பக்கத்து மேஜையில் ஒரு டெக்னீஷியன் பெண்.

"மீட்டர் பொய் சொல்லாது சார்."

"முப்பத்திரண்டு வருஷம் நான் சொல்ல வெச்சிருக்கேன் தம்பி."

"வெளிநாட்டுல இருந்து யாராவது வந்து பார்த்திருப்பாங்க சார்."

"மனுஷன் வந்தா ஏற்ற இறக்கம் இருக்கும். சாப்பிடப் போவான், படுப்பான். இவன் கழிவறைக்குக்கூடப் போகலையே." மாமா டெக்னீஷியன் பக்கம் திரும்பினார். "ஏம்மா, உங்க இலவசக் காவல் எப்படிப் பார்க்கும்?"

"அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை பக்கத்தை இறக்கிப் பார்க்கும்."

"வீடியோவோடயா?"

டெக்னீஷியன் அதிகாரியைப் பார்த்தாள். "முழுசா இறக்கச் சொல்லி வெச்சிருக்கு. ஆமா."

"மணிக்குப் பன்னிரண்டு தடவை. தடவைக்கு ஐம்பது. அறுநூறு ஆச்சா? வீடியோ இல்லாத ரெண்டு மணி நேரம் ஒண்ணுமில்ல. வந்தவன் வெளியாள் இல்ல, உங்க காவல்காரன். அவன் குடிச்ச தண்ணிக்கு இவ பில்லா?"

அதிகாரி வியர்வையைத் துடைத்தான். "ஐயோ, தெரியாம நடந்த தப்பு சார். கழிச்சுடறோம்."

"தப்பில்ல." மாமா போனை அவன் மூக்குக்கு நேரே நீட்டினார். "வரம்பு தாண்டும்னு நீ எழுதினது பத்து அஞ்சுக்கு. காவல் ஆரம்பிச்சது பதினொன்றரைக்கு. எழுதும்போது அவ செலவு மூணு ஜி.பி. நூறு தாண்டும்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது? குழாயைத் திறக்கறதுக்கு முன்னாலயே வெள்ளம் வரும்னு எழுதினியே, திறக்கப் போறது நீதானே? பெரிய திட்டத்தை வித்தா உனக்கு எவ்வளவு கமிஷன்?"

டெக்னீஷியன் தன் திரையை மெல்ல இவர்கள் பக்கம் திருப்பினாள். காவல் போட்ட தளங்களின் பட்டியல். எழுநூற்று நாற்பது. எல்லாமே சின்னத் திட்டக்காரர்கள்.

"சீ!" என்றார் மாமா.

3.20. பில் ரத்தாயிற்று. பூட்டு திறந்தது. தையற்காரி அங்கேயே உட்கார்ந்து நானூறு படங்களையும் பென்டிரைவில் ஏற்றி, ரவிக்கைக்குள் பத்திரப்படுத்தினாள்.

"மேடம், ஆறு மாசம் உங்களுக்கு இலவசம்..." என்று ஆரம்பித்தான் அதிகாரி.

அவள் அந்தப் பட்டியலை மேலிருந்து கீழே படித்தாள். பொத்தான் கடைக்காரர், நூல் கடை அம்மா, லேஸ் விற்கிறவர். அவள் சரக்கு வாங்கும் மூன்று பேர் அதில் இருந்தார்கள். நாற்காலியைத் திரைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு போனை எடுத்தாள்.

"மாமா, நீங்களும் உட்காருங்க. நேரமாகும்."