மாமா பொருத்திய செம்புக் குழாய்

அவளுக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. அதனால் வீட்டில் அவள் பெயரே பம்பரம்தான். இன்றோ கேட்கவே வேண்டாம்! கோழிக்குஞ்சு பொரிக்கும் முட்டைப் பெட்டிக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருந்தாள்.

காலையில் போன மின்சாரம் இன்னும் வரவில்லை. ஒரு முட்டையில் விரிசல் விட்டிருந்தது. சூடு குறைந்தால் உள்ளே இருக்கும் குஞ்சுகள் பிழைக்காது.

ஜெனரேட்டர் இருமியது, புகைந்தது, நின்றே போனது.

"என்னடா ஆச்சு?" என்று அம்மா தன் தம்பியைக் கேட்டார்.

மாமா வடிகட்டியைக் கழற்றினார். உள்ளே பழுப்பு நிறத்தில் பசை. "பழைய சமையல் எண்ணெயில நாமளே செஞ்ச பயோடீசல்க்கா. முன்னாடி நல்லாத்தானே ஓடுச்சு!"

பம்பரம் பீப்பாயை முகர்ந்தாள். "உவ்வே! காறல் வாடை! மாமா, இதுல அடங்காத மிச்சத்தைக் கேன்ல ஊத்தினீங்களே, அது எங்க?"

"மாடிப்படிக்கு அடியில. அதுவும் ஒரே குட்டையில ஊறின மட்டைதானே!"

அவள் கேட்கவில்லை. கேனை இழுத்து வந்து திறந்தாள். கொஞ்சமும் காறல் இல்லை.

"ஒரே நாள்ல செஞ்சது. இது மட்டும் எப்படி கெடல?" என்றார் அம்மா.

பம்பரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "கேன் வாய் வரைக்கும் நிறைஞ்சிருக்கு. மூடி இறுக்கமா இருக்கு. இருட்டுல இருந்திருக்கு. பீப்பாய் பாதி காலி, உள்ள பூரா காத்து. வெயில் வேற! குழாய் வாய்க்குள்ள பச்சையா என்னமோ படிஞ்சிருக்கே?"

"செம்பு பட்டா பயோடீசல் சீக்கிரம் கெட்டுடும்னு, செய்யக் கத்துக்குடுத்தவங்க படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களே! உன்னை யாருடா செம்புக் குழாய் வைக்கச் சொன்னது?" என்று அம்மா தம்பியைக் கடிந்துகொண்டார்.

மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. தினமும் அதைத் துடைத்துப் பளபளப்பாக்கியவர் அவர். பம்பரத்துக்குப் பாவமாக இருந்தது.

"அதை அப்புறம் பேசலாம்மா! மாமா, புது வடிகட்டி இருக்கா?"

எள் என்றால் எண்ணெயாக நிற்பவர் மாமா. கெட்டதை வடித்து, வடிகட்டியை மாற்றி, கேனில் இருந்ததை ஊற்றினார். ஜெனரேட்டர் இருமாமல் ஓடியது. பெட்டிக்குள் விளக்கு எரிந்தது.

"மாமா, அந்தக் குழாயை நல்லாத் தேய்ச்சுக் கழுவி, குஞ்சுங்களோட தண்ணித் தொட்டிக்கு வைக்கலாமா? இவ்வளவு பளபளப்பான குழாய் எந்தக் கோழிக்குக் கிடைக்கும்?"

மாமா சிரித்துவிட்டார். கூடவே அம்மாவும்.

'கீச்!'

விரிசல் விட்ட முட்டையை உடைத்துக்கொண்டு ஈரச் சிறகோடு ஒரு குஞ்சு எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்து தள்ளாடி நடந்தது.

"இன்னொரு பம்பரமா! வீடு தாங்காது!" என்று அம்மா தலையில் கை வைத்தார்.

பழைய பம்பரமோ, காலையிலிருந்து முதல்முறையாக, அசையாமல் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.