வடக்குக்கரைத் தெருவின் நிறம்

வாசலில் நட்டிருந்த நிறத்தூணில் பச்சை எரிவதைப் பார்த்த பிறகுதான் ஆவுடைநாயகிக்குக் காலைச் சாப்பாடு இறங்கும். சாத்தனேரியில் தொழில் தொடங்கப்போகிறேன் என்று அவள் வாயைத் திறந்த நாளிலிருந்து சென்னையில் ஒருவர் பாக்கியில்லாமல் பயமுறுத்தியிருந்தார்கள். "அந்த ஊரா? எப்பப் பாத்தாலும் வெட்டுக்குத்துன்னு செய்தியில வருமே, அதுவா?" என்றாள் கூட வேலை பார்த்தவள். பிறந்த ஊரை விட்டுக்கொடுக்க ஆவுடைக்கு மனசில்லை. உயிரை விட்டுக்கொடுக்கவும் மனசில்லை. ஆகவே நிறம் பார்த்து, ஊருக்குத் தெற்கே சுத்தப் பச்சையாக ஓர் இடம் வாங்கி, சேமிப்பு முழுவதையும் கொட்டி இட்லி மாவு ஆலையைக் கட்டினாள்.

நிறம் பார்ப்பது அப்போது ஜாதகம் பார்ப்பதைவிட முக்கியமாகிவிட்டிருந்தது. எல்லோர் மணிக்கட்டிலும் நடுக்கமானி என்றொரு வளை கிடந்தது. நெஞ்சு படபடத்து உள்ளங்கை வியர்த்தால், ஆளின் பெயரைச் சொல்லாமல், இடத்தை மட்டும் அது நிறத்தூண் அலுவலகத்துக்கு அனுப்பும். நடுக்கம் சேர்ந்த இடம் மஞ்சள். மேலும் சேர்ந்தால் சிவப்பு. தெருமுனைத் தூண்களில் அந்த நிறம் எரியும். ஓட்டுநர் இல்லாத தானோடி வண்டிகள் சிவப்புக்குள் சக்கரம் வைக்காது. புகார் மனுவில் பொய் எழுதலாம், உடம்பு பொய் சொல்லுமா என்று கேட்டுத்தான் இதைக் கொண்டுவந்தார்கள். எவர் எவரைக் கண்டு நடுங்கினார் என்று அதில் பதிவாகாது. யாரும் அதைக் கேட்டதாகவும் தெரியவில்லை.

சாத்தனேரியில் வடக்குக்கரைத் தெரு மட்டும் பல வருஷமாகச் சிவப்பு.

திறப்பு விழாவுக்கு ஆவுடை ஊரை அழைத்தாள். கைபேசியில் அழைப்பு அனுப்பினால் அந்த ஊரில் ஒரு நாய்கூட மதிக்காது. வாசற்படி ஏறி, வெற்றிலை பாக்கு கொடுத்து, "கண்டிப்பா வந்துரணும்" என்று வாய் நிறையச் சொன்னால்தான் அது அழைப்பு. தாம்பூலத் தட்டோடு தெருத் தெருவாக ஏறி இறங்கியவள், வடக்குக்கரை முனையில் தூணைப் பார்த்தாள், வண்டியைத் திருப்பிக்கொண்டாள். நல்ல சாக்கு! தூணே இல்லாத காலத்திலும் அவளுடைய அப்பா அந்தத் தெருவில் யார் வீட்டுப் படியும் ஏறியதில்லை. அது அவளுக்கு ஞாபகம் வரத்தான் செய்தது. வந்த வேகத்தில் அதைத் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

விழாவன்று, அழைக்காமலே ஒருத்தி வந்தாள். சந்தனமாரி. வடக்குக்கரைக்காரி. பள்ளிக்கூடத்தில் ஆவுடையோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். கையில் ஒரு தூக்குச்சட்டி. பின்னால் அவளுடைய தம்பிகள் இருவர், சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, வேலை கேட்கிற முகத்தோடு நின்றார்கள்.

"ஏட்டி ஆவுடை! நீ கடை போட்டா மொத போணி நாந்தான்னு பள்ளிக்கூடத்துலயே சொன்னேம்லா? ஊத்து மாவ!"

ஆவுடையின் கண் தம்பிகள் மேலேயே இருந்தது. நெஞ்சு திக்திக்கென்று அடித்துக்கொண்டது.

"இங்க சில்லறையா விக்கிறதில்லைங்க. எல்லாம் மொத்தமா வெளியூருக்குத்தான் போகுது."

அந்த 'ங்க' சந்தனமாரியின் முகத்தில் போய் விழுந்ததை எல்லோரும் பார்த்தார்கள். அவள் சட்டியின் மூடியை மெதுவாக அழுத்தி மூடினாள்.

"சரிங்க," என்றாள். தம்பிகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அதன் பிறகும் வடக்குக்கரையிலிருந்து ஆட்கள் வேலை கேட்டு வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் ஆவுடை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கண்காணிப்புத் திரையில் அவர்கள் கையையும் இடுப்பையும் உற்றுப் பார்ப்பாள். யாரும் ஒரு பாக்கெட் மாவைக்கூடத் தொட்டதில்லை. ஆள் எடுக்கவில்லை என்று காவலாளி சொன்னதும் திரும்பிப் போனார்கள்.

அப்படியிருந்தும் அவள் வாசல் தூண் ஒரு நாள் மஞ்சளானது. அடுத்த வாரம் சிவந்தே போயிற்று.

அன்றைக்கு மாவு ஏற்ற வந்த தானோடிகள் ஊருக்குள் திரும்பும் நெடுஞ்சாலை விலக்கில் நின்றுகொண்டு, "முன்னால் இடர்ப்பகுதி, மன்னிக்கவும்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு அசைய மறுத்தன. ஆலையில் மாவு பொங்க ஆரம்பித்தது. பாக்கெட்டுகள் வயிறு உப்பி, இரண்டு மூன்று வெடித்துத் தரையெல்லாம் வழிந்தது. மாவு வாங்கும் மதுரைக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். இந்த லோடு போய்ச் சேராவிட்டால் ஆலையே போயிற்று. எவனோ திருட்டுப்பயல் சுற்றிச் சுற்றி வருகிறான், அதனால்தான் இந்தச் சிவப்பு என்று நிறத்தூண் அலுவலகத்துக்குப் புகார் அனுப்பிவிட்டு ஆவுடை கத்தினாள்.

அந்த நேரம் பார்த்து சந்தனமாரி ஒரு தள்ளுவண்டிக் கூட்டத்தோடு வந்து நின்றாள்.

"விலக்குல ஒன் லாரி நிக்குதுன்னாவ. நாங்க தூக்கிட்டுப் போய் ஏத்தட்டுமா? சிலிண்டர்ல இருந்து கல்யாணப் பந்தல் சாமான் வரைக்கும் எங்க தெருவுக்கு அங்க இருந்துதான் தூக்கிட்டு வாரோம். ஊருக்குள்ள என்ன கூலியோ அதக் குடு."

ஆவுடை பதில் சொல்வதற்குள் நிறத்தூண் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டது. கை முழுக்க மாவு; ஒலிபெருக்கியில் போட்டாள்.

"மேடம், உங்க புகாரைப் பாத்தோம். உங்க இடத்துல பல பேர் பயப்படலை. எல்லாப் பதிவும் ஒரே ஒரு வளையில இருந்துதான் வந்திருக்கு."

"யாரு வளை?"

"பேரு எங்களுக்கே தெரியாது மேடம். ஆனா அது இப்பவும் அங்கதான் இருக்கு. இந்த நிமிஷம்கூட அடிச்சுக்கிட்டுதான் இருக்கு."

ஆவுடை மாவுக் கையை முந்தானைக்குள் ஒளித்தாள். ஐயோ, எல்லோரும் பார்த்தாயிற்றே! பூமி பிளந்தால் இறங்கிவிடலாம்போல் கூசிப்போனாள். சந்தனமாரி எதையும் கேட்காதவளைப்போல், "எலேய், பாத்துத் தூக்குங்கல, ஒடஞ்சிறாம!" என்று தம்பிகளை அதட்டினாள்.

லோடு போய்ச் சேர்ந்தது. சந்தனமாரியின் தம்பிகள் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஆவுடை அவர்களோடு பக்கத்தில் நின்று மாவு நிறைத்தாள். அவர்கள் சொல்லும் கோட்டிக்காரக் கதைகளுக்குச் சிரித்தாள். தூண் மஞ்சளாகி, பிறகு பச்சையானது. தன் பயம் போய்விட்டது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அந்தப் பெருமையோடுதான் ஒரு வெள்ளிக்கிழமை காலை தாம்பூலத் தட்டு எடுத்தாள். தட்டில் வெற்றிலை பாக்கு. இன்னொரு கையில் தூக்குச்சட்டி நிறைய மாவு. வளையைக் கழற்றி வைத்துவிட்டே போயிருக்கலாம். வேண்டுமென்றே போட்டுக்கொண்டாள். அமைதியான நெஞ்சோடு ஒருத்தி நுழைந்தாள் என்று அது பதியட்டும், அந்தத் தெருவுக்கும் நம்மால் ஒரு நல்லது நடக்கட்டும் என்று கணக்குப் போட்டாள்.

வடக்குக்கரை முனையில் தூண் மஞ்சளாக எரிந்தது. நள்ளிரவில் போலீஸ் கதவைத் தட்டி ஆளைத் தேடும் வழக்கம் நின்றதிலிருந்து அங்கே யாரும் நடுங்கவில்லையாம். இப்படியே போனால் இன்று சாயங்காலம் பச்சை. பச்சையானால் பள்ளிக்கூடத் தானோடி பேருந்து முதல் தடவையாகத் தெருவுக்குள் வரும். தூணுக்கு யாரோ கதம்பம்கூடக் கட்டியிருந்தார்கள். தெருவே வாசலில் நின்றது.

"வா ஆவுடை," என்றாள் சந்தனமாரி. அவ்வளவுதான். ஏன் அன்றைக்கு வரவில்லை, ஏன் 'ங்க' போட்டாய், ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

அவள் கேட்டிருந்தால் ஆவுடை ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பாள். கேட்காததைத்தான் தாங்க முடியவில்லை. முகம் காந்தியது. உள்ளங்கை வியர்த்துத் தட்டு நழுவப் பார்த்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. அன்றைக்கு மூடிய சட்டி, அப்பா ஏறாத படி, திரையில் அவள் தேடிய கைகள் எல்லாம் சேர்ந்து அடித்தன. வெட்கத்தை நடுக்கமானிக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

கதம்பத்துக்கு மேலே தூண் சிவந்தது.

தெரு முழுக்கத் தூணைப் பார்த்தது, பிறகு அவள் மணிக்கட்டைப் பார்த்தது. ஒரு பிள்ளை, "அப்ப பஸ் வராதா?" என்று கேட்டது. அதன் அம்மா வாயைப் பொத்தினாள்.

சந்தனமாரி இறங்கி வந்து தட்டை வாங்கிக்கொண்டாள். ஆவுடையின் தோளைத் தொட்டாள்.

"பயப்படாத ஆவுடை. உள்ள வா. இங்க ஒன்ன யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாவ."

இது பயமில்லை என்று சொல்ல ஆவுடை வாயைத் திறந்தாள். தெருமுனையில் எரிந்த அந்தச் சிவப்புக்கு முன்னால் அதை யார் நம்பப்போகிறார்கள்?